பெட்டிக்குள்ளேயே எஞ்சின்

கே: பெட்டிக்குள்ளேயே நீராவி எஞ்சின் வைத்த ரயில் ஓடியதாமே, உண்மையா?

ப: உண்மைதான். 1903 அக்டோபரில் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊருக்கு அப்படி ஒன்று வந்தது, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி ஸ்விண்டன் பணிமனையில் கட்டியது. ஒரு முனையில் செங்குத்தான கொதிகலன், மீதி இடத்தில் 52 இருக்கை. எந்த முனையிலிருந்தும் ஓட்டலாம் என்பதால், கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டும் வேலையே கிடையாது. பெரிய ரயில் நிற்காத லெவல் கிராசிங்கில்கூட நின்று, மடக்குப் படியை இறக்கி ஆள் ஏற்றியது. கம்பளி மில்லுக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய உபகாரம்! கூட்டம் சேர்ந்த அப்புறம்தான் சிக்கல், கூடுதல் பெட்டியை இழுக்க அந்தச் சின்ன எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை. 1908-ல் செய்த 93-ஆம் எண் வண்டியைப் புதுப்பித்து, 2011-ல் இங்கிலாந்தின் டிட்காட் ரயில் அருங்காட்சியகத்தில் மறுபடி ஓடவிட்டார்கள்.