கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: டென்மார்க்கை ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நேரம் பார்த்து, 1944இல் ஐஸ்லாந்து பிரிந்து போனதே. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு முட்டிய கதைதானே இது?
– ஒரு வாசகர்

பதில்: டென்மார்க்கில் பலருக்கும் இதே மனத்தாங்கல் இருந்தது. ஆனால் என் ஓட்டு ஐஸ்லாந்துக்குத்தான். இரு நாடும் ஒரே மன்னரின் கீழ் இருக்கச் செய்துகொண்ட 1918 ஒப்பந்தத்திலேயே, 1940க்குப் பிறகு மறுபரிசீலனை கேட்கலாம், மூன்றாண்டுகளில் உடன்பாடு வராவிட்டால் விலகலாம் என்று எழுதியிருந்தது. பேசித் தீர்க்கத்தான் வழியில்லை. 1940 ஏப்ரலில் டென்மார்க் ஜெர்மனி வசம். மே மாதம் ஐஸ்லாந்தில் பிரிட்டிஷ் படை, அழைப்பில்லாத விருந்தாளிகள்! அடுத்த ஆண்டு, ஐஸ்லாந்துடன் உடன்பாடு செய்துகொண்டு, அமெரிக்கர்களும் வந்துவிட்டார்கள்.

பிரிவதா என்று கேட்ட 1944 மே மாத வாக்கெடுப்பில் சுமார் 98 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். ஜூன் 17, விடுதலைத் தலைவர் யோன் சிகுர்ட்சனின் பிறந்தநாள். கி.பி. 930இல் ஐஸ்லாந்தின் நாடாளுமன்றமான அல்திங் முதன்முதலில் கூடிய திங்வெல்லிர் வெளியில் குடியரசு அறிவிப்பு. கொட்டுகிற மழை, கூட்டம் நனைந்துகொண்டே நின்றது. ஐஸ்லாந்தை இழந்த டென்மார்க் மன்னர் பத்தாம் கிறிஸ்டியனின் வாழ்த்துத் தந்தியை வாசித்ததும் ஆரவாரம். பெரிய மனிதர்தான், போங்கள்! ஸ்வெய்ன் பியோர்ன்சனை அன்றே குடியரசுத் தலைவராக அல்திங் தேர்ந்தெடுத்தது. ஒருமனதாக அல்ல, வெற்றுச் சீட்டு போட்ட உறுப்பினர்களும் உண்டு.