லூகர் பி-08 சிக்கினால்: கேள்வி பதில்

முறையான உரிமத்தோடு லூகர் பி-08 என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கியை வைத்துச் சுடுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதிலுக்கு முன் ஒன்று. மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியைக் கழற்றுங்கள். டாகிளை, அதாவது துப்பாக்கியின் மேலே மடிந்து திறக்கும் மூட்டை இழுத்து, தோட்டா நிற்கும் அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். மேல்பகுதியை உடலிலிருந்து தனியே எடுத்த பிறகும் இடப்பக்கம் இருக்கும் சிறு நெம்புகோல் அழுந்தினால் அறையில் இருக்கும் தோட்டா வெடிக்கும். உள்ளே ரவுண்டு (தோட்டா) இருந்தபடி யாரும் கழற்றவே கூடாது.

அண்ணா, என்னுடையது 1917இல் டி.டபிள்யூ.எம். நிறுவனம் செய்தது. முதல் ஐந்து ரவுண்டு நன்றாகப் போகிறது. கடைசி மூன்றில் தோட்டாவின் மூக்கு கீழே குத்தி நின்றுவிடுகிறது. தோட்டா ஏறும் சரிவைத் தேய்த்து வழவழப்பாக்கலாமா?

வேண்டாம் தம்பி, அரத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். சரிவில் குறை இருந்தால் முதல் ரவுண்டிலேயே சிக்கியிருக்கும். கடைசியில் மட்டும் சிக்குகிறது என்றால் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். மேகசின் நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருக்கும், அதனால் தள்ளும் வலு இருக்கும். காலியாகக் காலியாக அந்த வலு குறையும். லூகரின் டாகிள் முழங்கை மாதிரி மடிந்து மிக வேகமாகத் திரும்பி வரும். அந்தக் கண நேரத்துக்குள் அடுத்த தோட்டா மேலே வந்து நிற்க வேண்டும். நூறு வயதான ஸ்பிரிங்குக்கு அது முடியாது.

மெக்-கார் நிறுவனம் செய்யும் புது மேகசின் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சிக்கல் நின்றால் பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடலாம். நிற்கவில்லை என்றால் தோட்டாவின் நீளத்தை அளந்து பாருங்கள். 9 மி.மீ. தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச நீளம் 29.69 மி.மீ. என் அனுபவத்தில் 29.2க்குக் கீழே போனால் லூகர் முரண்டு பிடிக்கும். குழிமுனைத் தோட்டாக்கள் பல அதைவிடக் குட்டை. முனை உருண்ட, முழு உலோக உறையிட்ட, 8 கிராம் குண்டுள்ள தோட்டாதான் இதற்கு ஏற்றது.

எண் பொறித்த அசல் பாகம் ஒன்றைத் தேய்த்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. அந்தத் துப்பாக்கியின் வரலாறே அந்த எண்களில்தான் இருக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கடைசி ரவுண்டு முடிந்ததும் டாகிள் திறந்தபடி நிற்பதில்லை. எதைப் பார்ப்பது?

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1908இல் ராணுவத்துக்கு வந்தபோது, டாகிளைத் திறந்தபடி பிடித்து நிறுத்தும் பாகமான நிறுத்தி இதில் இல்லை. 1913இல்தான் சேர்த்தார்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் பிற்பாடு பொருத்தினார்கள், சிலவற்றில் இன்றும் இல்லை.

நிறுத்தி இருக்கிறது என்றால் காலி மேகசினைப் போட்டு டாகிளைக் கையால் முழுக்க இழுத்து விடுங்கள். கையால் இழுத்தால் நிற்கிறது, சுடும்போது நிற்கவில்லை என்றால் டாகிள் போதிய தூரம் பின்னே வரவில்லை. தோட்டா வலுக்குறைவாக இருக்கலாம், அல்லது பழைய கிரீஸ் பசை மாதிரி இறுகியிருக்கலாம். சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய் விட்டாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. கையால் இழுத்தும் நிற்கவில்லை என்றால் மேகசினின் பொத்தானைப் பாருங்கள். அது வலப்பக்கம் இருக்க வேண்டும். கழற்றிச் சேர்க்கும்போது இடப்பக்கம் மாறிப் போயிருந்தால் நிறுத்தியைத் தூக்க எதுவும் இராது.

சுத்தம் செய்து திரும்பப் பூட்டினேன். இப்போது டாகிள் லொடலொடவென்று ஆடுகிறது. உடைந்துவிட்டதா ஐயா?

உடையவில்லை. டாகிளின் பின்னால் தொங்கும் சிறு கொக்கி, பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் நெம்புகோலில் மாட்டவில்லை, அவ்வளவுதான். மறுபடி கழற்றி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மேல்பகுதியை நுழையுங்கள். கொக்கி தன் எடையிலேயே சரியான இடத்தில் விழும். பூட்டியதும் டாகிளை இழுத்தால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் சுடவே கூடாது.

என்னுடையது 7.65 மி.மீ. ஸ்விஸ் மாடல். காலிக் கூடு வெளியே போகாமல் டாகிளில் கவ்விக்கொள்கிறது.

7.65 தோட்டாவுக்கு 9 மி.மீ.ஐவிட மெல்லிய ரீகாயில் ஸ்பிரிங் (டாகிளைத் திரும்ப மூடும் ஸ்பிரிங்) வேண்டும். கை மாறிக் கை மாறி வந்த துப்பாக்கியில் யாராவது கனத்த ஸ்பிரிங்கைப் போட்டிருக்கலாம். ஆனால் முதலில் வேறு நிறுவனத்தின் தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். இன்று கடையில் வரும் 7.65 தோட்டாக்களில் சில மிக மென்மையானவை, டாகிளை முழுக்கத் தள்ளாது.

அப்படியானால் +பி மாதிரி வலுவான தோட்டா போட்டால் எல்லாம் ஓடிவிடும் அல்லவா?

ஓடும், கொஞ்ச நாள். அப்புறம் டாகிள் உடலின் பின்பகுதியில் மோதி மோதி அங்கே விரிசல் விழும். +பி, சப்மெஷின்கன்னுக்கான தோட்டா இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஊசி அடிக்கிறது, ஆனால் சில ரவுண்டு வெடிப்பதில்லை.

வெடிக்காவிட்டால் முழுதாக அரை நிமிடம் குழலை இலக்கை நோக்கியே வைத்திருங்கள். பிறகு இறக்கிவிட்டு ஊசி ஓடும் துளையைச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் அழுக்குதான் காரணம். அப்படியும் நிற்காவிட்டால் ஊசியின் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், அசலை ஒரு உறையில் போட்டு, மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.