பொதிகை மலையின் செருப்புப் பூ: வாசகர் கேள்விகள்

கேள்வி: பொதிகை மலையில் மட்டும் பூக்கும் ஒரு மஞ்சள் ஆர்க்கிட் அழியும் நிலையில் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் அதே செடியைத் தொட்டியில் வளர்த்துப் படம் போடுகிறார்கள். இத்தனை பேரிடம் இருக்கும் செடி எப்படி அழியும்?
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அதன் பெயர் பாபியோபெடிலம் ட்ரூரி. அடியிதழ் செருப்பின் முன்பக்கம் மாதிரி பை போலக் குழிந்திருப்பதால் லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்பார்கள். இந்தச் செருப்பு ஆர்க்கிட்கள் நம் நாட்டில் வடகிழக்கு மலைகளில் நிறைய உண்டு, தென்னிந்தியாவில் இது ஒன்றுதான். ஒருமுறை ஒரு கண்ணாடிக் கூடத்தில் தொட்டிச் செடியாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மஞ்சள் இதழ்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் கரும்பழுப்பு நிறத்தில் மை தொட்டு இழுத்த மாதிரி ஒரு கோடு, கீழே தேன் நிறத்தில் அந்தப் பை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்காக வைத்திருக்கும் சிவப்புப் பட்டியல் காட்டில் தானாக வாழும் செடிகளைத்தான் கணக்கில் எடுக்கும், தொட்டியில் இருப்பதை எடுக்காது. அந்தக் கணக்கில் இது மிக அபாய நிலையில் இருக்கிறது. அதற்கு அப்புறம் இரண்டே கட்டம்தான்: காட்டில் இல்லாமல் போவது, எங்குமே இல்லாமல் போவது.

கர்னல் ட்ரூரி என்ற ஆங்கிலேயர் 1865-இல் திருவிதாங்கூர் மலையில் இதைக் கண்டெடுத்தார். பிறகு நெடுங்காலம் காட்டில் யார் கண்ணிலும் படவில்லை, அழிந்தே போச்சு என்றுதான் நினைத்தார்கள். 1972-இல் அகத்தியமலை என்றும் சொல்லும் இதே பொதிகைப் பக்கம் மறுபடி கிடைத்தது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான், ஆனால் இருக்கும் இடம் வெளியே தெரிந்ததும் சேகரிப்பவர்களுக்காக வேரோடு பிடுங்கிக் கொண்டுபோய் விட்டார்கள். அத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் பிழைத்த செடிக்கு, தெரிந்த சில வருஷம் போதுமானதாக இருந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972-தான், ஆனால் அதில் செடிகளுக்கு இடம் கொடுத்தது 1991 திருத்தத்தில்தான். அப்போது சேர்த்த ஆறு செடி வகைகளில் இந்தச் செருப்பு ஆர்க்கிட்களும் ஒன்று.

கேள்வி: ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருக்குமாமே. காட்டில் தூவிவிட்டால் போதாதா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: போதாது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், நெல்லிலும் பயறிலும் முளைக்காகச் சேமித்து வைத்த உணவு இருக்குமே, அது இதில் கிடையாது. மண்ணில் இருக்கும் ஒரு வகைப் பூஞ்சை வந்து ஒட்டி ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சை இல்லாத இடத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் வீண். முதலில் காய் பிடிப்பதே பெரும் பாடு. பூச்சி வழுக்கிப் பைக்குள் விழ வேண்டும், வந்த வழியாக ஏற முடியாது, பின்பக்கம் உள்ள சின்னச் சந்து வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது முதலில் சூல்முடியில் உரசி, அப்புறம் மகரந்தத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அதே பூச்சி இன்னொரு பூவிலும் ஏமாந்து விழுந்தால்தான் காய். பக்கத்தில் இன்னொரு பூவே இல்லை என்றால்? பத்துச் செடியில் எட்டைப் பிடுங்கினால் மிச்சம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேடு.

ஆய்வகத்தில் ஊட்டக்கூழ் வைத்துப் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கிறார்கள், வெளிநாட்டுத் தொட்டிகள் பலவும் அப்படி நிரம்பியவைதான். பூக்கப் பல வருஷம் பிடிக்கும். அந்த நாற்றுகளை மலையில் நட்டுப் பிழைக்க வைப்பது இன்னும் கடினம், ஆனால் அதுதான் வழி.

கேள்வி: ஆன்லைனில் ஒருவர் இதைத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
வாசகர், கோவை

பதில்: வேண்டாம், தயவுசெய்து வாங்காதீர்கள். காட்டில் பறிப்பது மட்டுமில்லை, உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் இது இருக்கிறது. காட்டுச் செடியை நாட்டுக்கு நாடு வியாபாரம் செய்ய இடமே இல்லை.

கேள்வி: மலையேறும்போது கண்ணில் பட்டால் என்ன செய்வது?
வாசகி, தென்காசி

பதில்: தொடாதீர்கள், சுற்றிலும் மிதிக்காதீர்கள், இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று பக்கத்துப் புல்லைக்கூட விலக்க வேண்டாம். போனில் லொக்கேஷனை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். கூட வரும் வனத்துறை ஆளிடம் மட்டும் இடத்தைக் காட்டுங்கள். படத்தை எங்கும் போடாதீர்கள், பின்னால் தெரியும் பாறையை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.