பழைய பென்ஸா, புதிய ஸ்விஃப்டா?

கேள்வி: 1996ஆம் ஆண்டு பென்ஸ் இ 220 ஒன்று ஏழு லட்சத்துக்கு வருகிறது. அதே பணத்தில் புது ஸ்விஃப்ட் வாங்கலாம். தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுவேன். எதை வாங்க? – ஈரோடு வாசகர்

பதில்: ஸ்விஃப்ட். அறுபது கிலோமீட்டர் என்று நீங்கள் எழுதியபோதே முடிவாகிவிட்டது.

1995இல் புனேயில் தயாராகத் தொடங்கிய அந்த பென்ஸ் எனக்கும் மிகவும் பிடித்த வண்டி. கதவைச் சாத்தினாலே அதன் கனம் தெரியும். ஆனால் அந்தக் காலத்து பென்ஸ்களின் எஞ்சின் ஒயரிங்கில் ஒரு பிறவிக் குறை உண்டு. சூட்டில் ஒயரின் மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்து அதன் ரப்பர் குழாய்களும் செய்யப்படவில்லை. 15 வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடமும் கடந்துவிட்டால் அந்தக் கட்டணம் 2025 முதல் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. 2024இல் வந்த ஸ்விஃப்டிலோ விலை குறைந்த மாடலிலேயே ஆறு ஏர்பேக் உண்டு.

பென்ஸ் ஆசை விடவில்லை என்றால், ஒயரிங் மாற்றிய ரசீதைப் பார்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமை வண்டியாக வாங்குங்கள்.

கேள்வி: 1970 மாடல் பென்ஸை வின்டேஜ் என்று பதிவு செய்து தினமும் அலுவலகம் போகலாமா?

பதில்: கூடாது. 50 வருடம் கடந்த வண்டிகளுக்கான 2021ஆம் ஆண்டு விதி அன்றாடப் பயன்பாட்டை அனுமதிக்கவில்லை.

கேள்வி: பழைய கார் ஒன்றை இரவில் பார்த்தேன், பெயிண்ட் பளபளத்தது. ரசீது வாங்காமல் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். ஆர்.சி.யில் இன்னும் வங்கிக் கடன் இருக்கிறதாம். – திருச்சி வாசகர்

பதில்: ஆர்.சி.யைப் பார்க்காமல் ஒரு லட்சத்தை எப்படி எண்ணிக் கொடுத்தீர்கள்? கொடுத்த தொகைக்கு இன்றே எழுதி வாங்குங்கள். வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குவதற்கான படிவம் 35ம் கைக்கு வரும்வரை இன்னொரு ரூபாய் தராதீர்கள்.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில், பழைய கார் விற்கும் நிறுவனம் ஒன்றில் சின்னக் கார் வாங்கினேன். மீட்டரில் 38,000 கிலோமீட்டர். சர்வீஸ் பதிவிலோ மூன்று வருடத்துக்கு முன்பே 1,12,000. கேட்டால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார்கள். – ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: தவறு உங்கள்மேல் இல்லை, அம்மா. இது மோசடி.

பழைய கார் சந்தையில் எனக்கு ஆறாத கோபம் இந்த மீட்டர் திருட்டின்மேல்தான். எனக்கும் ஒரு தரகர் இப்படி ஒரு வண்டியைத் தலையில் கட்டினார். ஓட்டம் குறைவு என்று மீட்டர் சொன்னதால் டைமிங் பெல்ட் மாற்றும் கெடு தாண்டியது தெரியவில்லை. பெல்ட் அறுந்து எஞ்சினே போயிற்று. மீட்டரைக் குறைப்பவன் எந்தப் பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்ற கணக்கையே அழித்துவிடுகிறான். பிரேக்கும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 38,000 ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் யாரும் நம்பக் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் காட்டும், அதையும் பாருங்கள்.

சர்வீஸ் பதிவு, பில், அவர்களுடைய விளம்பரம் மூன்றையும் நகலெடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். அதுவரை "சரிசெய்து தருகிறோம்" என்று யார் கேட்டாலும் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மீட்டர்தான் உங்கள் சாட்சி.