உறையைத் திறக்கும் முன்: பள்ளிப் பேருந்து டெண்டர் – வாசகர் கேள்விகள்

பள்ளிக்குச் சொந்த வண்டி வாங்கி ஓட்டுவதா, தனியாரிடம் டெண்டர் விட்டுக் கொடுப்பதா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து. டெண்டர் என்று முடிவெடுத்துவிட்டு நடுவழியில் நிற்பவர்களின் கேள்விகளுக்கே இங்கே முதலிடம்.

கேள்வி: எங்களுடையது அறக்கட்டளை நடத்தும் பள்ளி. அரசு டெண்டர் சட்டம் எங்களையும் கட்டுப்படுத்துமா? நாலு பேரிடம் கொட்டேஷன் வாங்கினால் போதாதா? – பள்ளிக்குழு உறுப்பினர், கோட்டையூர்

பதில்: 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் அரசுத் துறைகளுக்கும், உள்ளாட்சிகளுக்கும், அரசு நிறுவனங்களுக்கும் உரியது. பெற்றோர் கட்டும் கட்டணத்தில் வண்டி ஓட்டும் தனியார் அறக்கட்டளைப் பள்ளி அதற்குள் வராது. கொட்டேஷன் போதும்.

ஆனாலும் அந்தச் சட்டத்திலிருந்து மூன்று பழக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்கின்றன விதிகள். நீங்களும் 15 நாள் கொடுங்கள். தகுதி ஆவணங்கள் ஒரு உறையிலும் விலை இன்னொரு உறையிலும் இருக்கட்டும். தகுதி தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே கூடாது. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதானால், குறைந்த விலை கொடுத்த ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். இரண்டாமவரைக் கூப்பிட்டு “அவர் இவ்வளவுக்குத் தருகிறார், நீங்கள்?” என்று கேட்டால், அடுத்த வருஷம் யாரும் நிஜ விலையை எழுத மாட்டார்கள். குழுவில் ஒருவரின் மைத்துனர் வண்டி வைத்திருந்தால், அன்றைய கூட்டத்தில் அவர் உட்காராமலிருப்பதும் அதை மினிட்ஸில் எழுதுவதும் நல்லது. நம் ஊரில் யாருக்கு யார் என்ன உறவு என்பது யாருக்கும் ரகசியமில்லை.

கேள்வி: என்னிடம் இரண்டு டூரிஸ்ட் பேருந்துகள் உள்ளன. பள்ளி டெண்டர் எடுத்தால் கல்வி நிறுவனப் பேருந்தாக மாற்றி ஓட்டலாமா? ஆர்.சி.யைப் பள்ளி பெயருக்கு மாற்றிக்கொண்டால் வரி குறையும் என்கிறார் புரோக்கர். – வண்டி உரிமையாளர், காரைக்குடி

பதில்: மாற்றாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(11) சொல்லும் ‘கல்வி நிறுவனப் பேருந்து’ அந்த நிறுவனத்துக்கே சொந்தமானது. மாணவர்களையும் ஊழியர்களையும் ஏற்றுவதற்கு மட்டுமே உரியது. உங்கள் வண்டி உங்கள் பெயரில் இருக்கும்வரை ஒப்பந்த ஊர்தி (முழு வண்டியையும் ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடும் வண்டி) பர்மிட்டில்தான் ஓட வேண்டும். பள்ளியோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். வழியில் வெளியாளை ஏற்றி இறக்கக் கூடாது. வாடகை வண்டி என்றால் ‘பள்ளிப் பணியில்’ என்று தெளிவாக எழுத வேண்டும் என்பது 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

காகிதத்தில் மட்டும் பள்ளிக்குச் சொந்தமாக்கினால் என்ன ஆகும்? விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ள பள்ளி மீது போகும். கடன் உங்கள் தலையில் இருக்கும். வண்டி உண்மையில் யாருடையது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு இன்ஷூரன்ஸ்காரர் தள்ளி நிற்பார். கல்யாண சீசனில் அதே வண்டியைத் திருச்செந்தூருக்கு வாடகைக்கு விட்டால் பர்மிட் மீறலும் சேர்ந்துகொள்ளும். வண்டி நிறத்தைப் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையே டெண்டர் நிபந்தனையில் சேர்க்கச் சொல்லுங்கள். பெயின்ட் செலவு யாருடையது என்று ஜூன் மாதம் சண்டை போட வேண்டாம்.

கேள்வி: ஒரே ரூட்டுக்கு இரண்டு விலை வந்திருக்கிறது. ஒருவர் மாதம் ₹84,000 என்கிறார். இன்னொருவர் கிலோமீட்டருக்கு ₹52 என்கிறார். எது குறைவு? மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டுமோ? – பள்ளிப் பொருளாளர், தேவகோட்டை

பதில்: எது குறைவு என்று உங்கள் டெண்டர் தாளை வைத்துச் சொல்லவே முடியாது. அதில் ‘கிலோமீட்டர்’ என்றால் என்ன என்று எழுதவில்லை.

ஓர் உதாரணம். கானாடுகாத்தானில் தொடங்கி, பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் உள்ளே புகுந்து, காரைக்குடியில் உள்ள பள்ளிக்கு 24 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காலை, மாலை சேர்த்துப் பிள்ளைகளோடு ஓடுவது 48. வண்டி ராத்திரி நிற்பது காரைக்குடி ஷெட்டில் என்றால், காலையில் காலியாக 16 கிலோமீட்டர் போக வேண்டும். மாலையில் காலியாக 16 திரும்ப வேண்டும். ஆக ஒரு நாள் ஓட்டம் 80.

மாதம் 22 வேலை நாள். பிள்ளைகளோடு ஓடும் தூரத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 1,056 கிலோமீட்டர், ₹52 வீதம் ₹54,912. காலி ஓட்டத்தையும் சேர்த்தால் 1,760 கிலோமீட்டர், ₹91,520. முதல் கணக்கில் கிலோமீட்டர்காரர் குறைவு. இரண்டாவது கணக்கில் மாத வாடகைக்காரர் குறைவு. ஒரே விலை, ஒரே ரூட்.

கிலோமீட்டர்காரர் எந்தத் தூரத்தை நினைத்து எழுதியிருப்பார் என்பதை டீசல் கணக்கு சொல்லிவிடும். நின்று நின்று போகும் பெரிய பேருந்து லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் 1,760க்கு 352 லிட்டர். லிட்டர் ₹92 என்று கொண்டால் டீசல் மட்டும் ₹32,384. ₹54,912இல் அது போக மீதி ₹22,500 சொச்சத்தில் ஓட்டுநர், உதவியாளர் சம்பளம், இன்ஷூரன்ஸ், வரி, டயர், வங்கித் தவணை எல்லாம் அடங்காது. “நீங்கள்தானே எழுதினீர்கள்” என்று ₹54,912க்குப் பிடித்து வைத்தால், சந்தோஷம் தீபாவளி வரைக்கும்தான். அதற்குள் டயர் வழுக்கையாகும், உதவியாளர் வராமல் போவார், பிறகு வண்டியே வராது.

அதனால் விலையை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவுக்கு மாத நிலைக்கட்டணம். ஓடும் தூரத்துக்குக் கிலோமீட்டர் கட்டணம். தூரத்தை ஒப்பந்ததாரர் சொல்லக் கூடாது. பள்ளி ஆளும் அவரும் ஒரே வண்டியில் போய் அளந்து, ஓடோமீட்டர் எண்ணை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். காலி ஓட்டம் கணக்கில் உண்டா, உண்டானால் எத்தனை கிலோமீட்டர் வரை என்பது டெண்டர் தாளிலேயே இருக்கட்டும். எல்லையை நாளுக்கு 32 என்று போட்டுவிட்டால், ஷெட் 40 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் அந்தச் செலவைத் தானே ஏற்க வேண்டும். கானாடுகாத்தானிலேயே வண்டி நிறுத்துபவர் காலி ஓட்டமே இல்லாமல் குறைந்த விலை கொடுப்பார். அது அவருக்கு நியாயமாகக் கிடைக்கும் லாபம். மே மாதம் வண்டி ஓடாது. அதற்கு நிலைக்கட்டணம் உண்டா, பாதியா, இல்லையா என்றும் எழுதுங்கள்.

டீசல் விலை மாறினால் என்ன செய்வது என்பதையும் ஒரே வரியில் எழுதலாம். உறை திறந்த நாளின் பங்க் விலை அடிப்படை. லிட்டருக்கு ₹2க்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ, மாறிய தொகையை 5ஆல் வகுத்துக் கிலோமீட்டருக்குக் கூட்டுவது அல்லது கழிப்பது. ₹5 ஏறினால் கிலோமீட்டருக்கு ₹1. மேலே சொன்ன ரூட்டில் மாதம் ₹1,760 கூடும். அந்த 5 என்ற மைலேஜை நீங்களே எழுதிவிடுங்கள். ஒப்பந்ததாரர் கையில் விட்டால் டீசல் ஏறும் மாதத்தில் வண்டி 3.5தான் கொடுக்கும்.

தலைக்கு இவ்வளவு என்று கேட்காதது நல்லதே. அப்படிக் கேட்டால் வண்டியில் பிள்ளைகளை அடைப்பார்கள். கடைசி ஊரில் இரண்டு பிள்ளைகள் மட்டும் என்றால் அந்த ஸ்டாப் மெல்லக் காணாமல் போகும்.

கேள்வி: வண்டி தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே வரச் சொன்னால் டெண்டரில் இல்லை என்கிறார் ஓட்டுநர். – ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: டெண்டரில் ‘பள்ளத்தூர்’ என்று ஊர்ப்பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். ஸ்டாப்பை அடையாளத்தோடு எழுத வேண்டும்: எந்த ஊருணியின் எந்தக் கரை, எந்தக் கோயிலுக்கு எதிரே, எத்தனை மணி. ஆனால் ஓட்டுநர் பக்கமும் நியாயம் இருக்கலாம். நம் செட்டிநாட்டுத் தெரு நேராக நீண்டு போகும். குறுக்குத் தெருவில் திரும்பும்போதுதான் பெரிய வண்டி மாட்டும். ஒரு பக்கம் திண்ணைப் படி, மறுபக்கம் சாக்கடை மூடி, தலைக்கு மேலே வீட்டு இணைப்பு ஒயர். வழி பார்க்கப் போகிறவர்கள் பைக்கில் போய்விட்டு “வண்டி போகும்” என்று எழுதிவிடுகிறார்கள். ஓட்டப்போகும் அதே நீளமுள்ள வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும். திரும்பாத இடத்துக்குச் சின்ன வண்டி கேளுங்கள். அல்லது ஸ்டாப்பை மாற்றுங்கள்.

ஒரு வசதியும் நமக்கு உண்டு. பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். காலையில் வண்டி எந்தத் தெரு வழியாக வருகிறதோ, அந்தப் பக்க வாசலில் பிள்ளையை நிறுத்தினால் தெருவைக் கடக்க வேண்டியதில்லை. ‘ஸ்டாப்பில் வண்டியைப் பின்னால் எடுக்கக் கூடாது’ என்று ஒரு நிபந்தனை கட்டாயம் வேண்டும். முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் என்று தமிழக அரசு 2022இல் விதியைத் திருத்தியதற்குக் காரணமே பின்னோக்கி எடுத்த பள்ளி வண்டி மோதி ஒரு சிறுவன் இறந்ததுதான்.

கேள்வி: தகுதி உறையில் எல்லா ஜெராக்ஸும் சரியாகத்தான் இருக்கிறது. வேறு என்ன பார்ப்பது? – தலைமையாசிரியை, புதுவயல்

பதில்: ஜெராக்ஸ் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் தேதிகளை ஒத்துப் பாருங்கள். 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். நவம்பரில் முடிகிற எஃப்.சி. என்றால், அந்த வாரம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டிக்கு மாற்று எது என்று இப்போதே கேளுங்கள். ஓட்டுநருக்குக் கனரக வாகனத்தில் குறைந்தது 5 வருஷ அனுபவம் வேண்டும்.

அதே எண்ணை இன்னொரு பள்ளி டெண்டரிலும் கொடுத்திருக்கிறாரா என்று பக்கத்துப் பள்ளியில் விசாரியுங்கள். மணி நேரம் ஒத்துவந்தால் ஒரு வண்டி இரண்டு பள்ளிக்கு ஓடுவது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. முதல் பள்ளியில் பத்து நிமிஷம் தாமதமானால் உங்கள் பிள்ளைகள் பிரேயருக்குப் பிறகுதான் வருவார்கள்.

பிறகு வண்டியில் ஏறுங்கள். தரையில் விரித்த ரெக்ஸினை, முக்கியமாகப் பின்சக்கரத்துக்கு மேலும் கடைசி சீட்டுக்கு அடியிலும், தூக்கிப் பார்த்துக் காலால் அழுத்துங்கள். 2012இல் சென்னை சேலையூர்ப் பள்ளி வண்டியில் தளத்து ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாடு தனி விதிகளே கொண்டுவந்தது. அவசரக் கதவை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைத் திறக்கச் சொல்லுங்கள். அவர் கையால் திறக்கவில்லை என்றால் அது கதவே இல்லை. தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்க அரை நிமிஷம்.

கேள்வி: பத்து நிமிஷத் தாமதத்துக்கு ₹500 அபராதம் என்று போட்டோம். ஒருவரும் டெண்டர் போடவில்லை! – நிர்வாகி, திருப்பத்தூர்

பதில்: போட்டிருந்தால் அந்த அபராதத்தையும் சேர்த்து விலை எழுதியிருப்பார்கள். 15 நிமிஷம் வரை மாதம் இரண்டு முறை மன்னிப்பு, அதற்குமேல் அந்த ட்ரிப் கட்டணத்தில் கால் பங்கு பிடித்தம், வண்டி வராமலே போனால் மாற்று வண்டிக்கு ஆன முழுச் செலவு என்று படிப்படியாக வையுங்கள். ரயில்வே கேட், சாலை மறியல், கனமழை இவற்றை விலக்குங்கள். உங்கள் பக்கம் தைப்பூசத்துக்கு முன்பு குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள் சாலையை நிறைப்பார்கள். அந்த நாட்களுக்கு மாற்று வழியும் முன்கூட்டிய நேரமும் தனியாக எழுதிவிடலாம். அபராதத்தைவிடப் பயன்படுவது, 45 நிமிஷத்துக்குள் மாற்று வண்டி என்ற நிபந்தனை. அந்த மாற்று வண்டியின் எண்ணும் தகுதி உறையிலேயே இருக்க வேண்டும்.

டெண்டரோடு கட்டச் சொல்லும் முன்வைப்புத் தொகையையும் அடக்கமாகக் கேளுங்கள். அரசு டெண்டரிலேயே அது மதிப்பில் 1 சதவீதத்தையும், ஒப்பந்தம் கிடைத்தவர் கட்டும் காப்புத்தொகை 5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. வருஷம் ₹10 லட்சம் வேலைக்கு ₹10,000, ₹50,000. அதற்குமேல் கேட்டால் இரண்டு வண்டி வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒதுங்கிவிடுவார்.

கேள்வி: டெண்டரை ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு விடலாமா? எத்தனை பிள்ளைகள் என்று அப்போதுதானே தெரியும்? டொராண்டோவில் இருக்கும் என் தங்கை, அங்கே பள்ளி வண்டியெல்லாம் தனியார் ஒப்பந்தம்தான், ஒரு சிக்கலும் இல்லை என்கிறாள். – வாசகி, கண்டனூர்

பதில்: தங்கை 2016 செப்டம்பரை மறந்திருப்பார். புதிய ஒப்பந்தங்கள் தொடங்கிய அந்தப் பருவத்தில் ஓட்டுநர்கள் போதாமல் டொராண்டோவில் பிள்ளைகள் தெருவில் காத்து நின்றார்கள். பள்ளியிலேயே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அந்த மாகாணமான ஒன்டாரியோவின் ஒம்புட்ஸ்மன் (மக்கள் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) விசாரித்து 2017இல் அறிக்கையே வெளியிட்டார். வண்டி எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் ஓட்டுநர் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் அறிவிப்பு, மார்ச்சில் உறை திறப்பு, ஏப்ரலில் ஒப்பந்தம். மே மாதம் பள்ளி வாகனங்களை அதிகாரிகள் சேர்ந்து பார்க்கும் கூட்டாய்வு வரும். ஓட்டுநர் பெயரும் லைசென்ஸ் எண்ணும் அதற்குள் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கைக்கு இந்த வருஷப் பட்டியலை வைத்துக்கொண்டு, 10 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் விலை மாறாது என்று எழுதுங்கள்.

கேள்வி: உறை திறக்கும்போது ஒரு விலைத்தாளில் ஒயிட்னர் அடித்துத் திருத்தியிருந்தது. ஏற்கலாமா? – அலுவலக உதவியாளர், தேவகோட்டை

பதில்: திருத்தத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து இல்லையென்றால் ஏற்க வேண்டாம். ஒயிட்னரே கூடாது, அடித்து எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனையிலேயே போடுங்கள். எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்ததும் விலையை வந்திருப்பவர்கள் காது கேட்க உரக்கப் படியுங்கள். ஒவ்வொரு தாளிலும் இரண்டு பேர் தேதியோடு கையெழுத்துப் போட்ட பிறகே அது மேசையை விட்டு நகர வேண்டும்.