புதுப் பெட்டித் தோட்டாவில் எதைப் பார்க்க வேண்டும்?

சீல் உடைக்காத பெட்டியில் வந்த தோட்டாவையும் ஒவ்வொன்றாகப் பார்க்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தே ஆகணும். நல்ல வெளிச்சமும் ஒரு வெர்னியர் காலிப்பரும் போதும்.

முதலில் அடிப்பக்கம். தட்டில் எல்லாவற்றையும் தலைகீழாக நிறுத்தி, பிரைமர்மேல் (அடியின் நடுவில், ஊசி அடித்ததும் தீப்பற்றும் சின்ன மூடி) விரலை ஓட்டுங்கள். அது கேஸின் (தோட்டாவின் உலோக உறை) அடிமட்டத்துக்குச் சமமாகவோ மயிரிழை உள்ளே தாழ்ந்தோ இருக்க வேண்டும். மேலே துருத்தினால் ரிவால்வரின் சிலிண்டர் சுழலாமல் சிக்கும். தானியங்கித் துப்பாக்கியில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்) மூடும்போதே வெடிக்கவும் கூடும். சாய்ந்தோ கவிழ்ந்தோ பதிந்த பிரைமரும் கழிவுதான்.

அடுத்தது நீளம். புல்லட் (முனையில் இருக்கும், பாய்ந்து செல்லும் குண்டு) கேஸுக்குள் அமுங்கியிருந்தால் வெடிமருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் ஏறும். 9 மிமீ போன்ற சின்னக் கேஸில் இது ரொம்ப ஆபத்து. அதே பெட்டியின் மற்ற தோட்டாக்களோடு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்குங்கள். விரலால் திருகினால் புல்லட் சுழன்றாலும் ஒதுக்குங்கள். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை) ஏற்றி இறக்கினாலும் புல்லட் இப்படி உள்ளே அமுங்கும்.

கேஸின் கழுத்தில் நெடுக்கு விரிசல், பச்சைக் களிம்பு, மடிந்த வாய், வளைந்த ரிம் (அடிவிளிம்பு) இருந்தால் யோசிக்காமல் ஒதுக்குங்கள். ரைபிள் கேஸின் கழுத்தருகே தெரியும் நீலப் பழுப்பு நிறம் சூடேற்றிப் பதப்படுத்திய தடம், அது குறையல்ல.

ஒதுக்கியதைப் பிரிக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். லாட் எண்ணோடு (பெட்டியில் இருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்) விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஒரே லாட்டில் இரண்டு மூன்று குறையோடு வந்தால் மொத்தப் பெட்டியையும் பயன்படுத்தாமல் நிறுத்திவிடுவேன்.