கரை நெருங்கும்போது யார் திரும்ப வேண்டும்? ஆற்றுப் பாய்மரப் பந்தயம்: வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் கெபெர்ஹா நகரை ஒட்டிய ஸ்வார்ட்கோப்ஸ் ஆற்றிலும் அதைப் போலக் கடல் ஓதம் ஏறி வற்றும் ஆறுகளிலும் கிளப் பந்தயத்தில் இறங்கும் வாசகர்கள் கேட்டவை இவை. பதில்கள் 2025 முதல் 2028 வரை நடப்பிலுள்ள உலகப் பாய்மரப் பந்தய விதிகளின்படி. உங்கள் கிளப்பின் போட்டி அறிவுரைத் தாள் சில விதிகளை மாற்றலாம். ஆனால் யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்ற அடிப்படை விதிகளில் எந்தக் கிளப்பும் கை வைக்க முடியாது.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. டாப்சிக் என்ற சின்னப் பாய்மரப் படகில் இந்த ஆண்டு பந்தயத்துக்கு வருகிறாள். தொடக்கக் கொடிகளைப் பார்த்தாலே குழம்பிவிடுகிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது? – ஒரு தாய், மலபார், கெபெர்ஹா

ஐந்து, நான்கு, ஒன்று, பூஜ்யம். இந்த நான்கு எண்களை முதலில் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள் அம்மா. ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் வகைப் படகின் கொடி ஏறும், ஒரு ஹாரன். நான்கு நிமிடத்தில் தயார்க் கொடி ஏறும், ஒரு ஹாரன். வழக்கமாக அது ‘பி’ கொடி: நீல நிறம், நடுவில் வெள்ளைச் சதுரம். ஒரு நிமிடம் இருக்கும்போது தயார்க் கொடி இறங்கும், நீண்ட ஹாரன். வகைக் கொடி இறங்கி ஒரு ஹாரன் கேட்டால் பந்தயம் தொடங்கிவிட்டது.

கணக்கு கொடிக்குத்தான், ஹாரனுக்கு இல்லை. ஹாரன் அடிக்காமல் போனாலும் கொடி இறங்கிய நொடிதான் நேரம். எனவே கடிகாரத்தை அமுக்கும்போது கண் கொடியில் இருக்க வேண்டும்.

‘பி’ கொடிக்குப் பதிலாக மஞ்சளில் கருப்பு வட்டம் போட்ட ‘ஐ’ கொடி ஏறினால் கவனம். கடைசி ஒரு நிமிடத்தில் தொடக்கக் கோட்டைத் தாண்டிப் போனவர், அப்படியே பின்வாங்கித் தொடங்க முடியாது. கோட்டின் ஏதாவது ஒரு முனையைச் சுற்றி வந்துதான் தொடங்க வேண்டும். தொடங்கியதும் வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட ‘எக்ஸ்’ கொடி ஏறி ஒரு ஹாரன் கேட்டால், யாரோ முந்திவிட்டார் என்று பொருள். தானோ என்ற சந்தேகம் இருந்தால் திரும்பி வருவதே நல்லது. திரும்பி வரும்போது, சரியாகத் தொடங்கிய எல்லாருக்கும் அவள் வழிவிட வேண்டும்.

கொடியைவிட ஆற்றில் பிள்ளைகளை அதிகம் ஏமாற்றுவது நீரோட்டம். ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேக ஓட்டம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 31 மீட்டர் இழுத்துப் போகும். டாப்சிக் சுமார் மூன்றரை மீட்டர். சும்மா நின்றாலே நிமிடத்துக்கு எட்டுக்கும் மேற்பட்ட படகு நீளம் நகர்ந்துவிடுவாள்! தொடக்கத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கோட்டருகே பாயைத் தளர்த்திப் படபடக்க விட்டு, அரை நிமிடம் மிதந்து பார்க்கட்டும். கோட்டின் இரு முனைகளையும் சேர்த்துப் பார்த்தால் எதிர்க்கரையில் எந்த மரம், எந்தக் கூரை தெரிகிறது என்று குறித்துக்கொண்டால், கூட்டத்தின் நடுவிலும் கோடு எங்கே என்று தெரியும்.

கேள்வி: எதிர்க்காற்றில் இரண்டு படகும் ஒரே டாக்கில் (காற்றை ஒரே பக்கம் வாங்கி) கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நான் கரைப் பக்கம். "ரூம் டு டாக்" (திரும்ப இடம் வேண்டும்) என்று கத்தினேன். மற்றவர், "உனக்கு இன்னும் ஆழம் இருக்கிறது, போ" என்றார். நான் திரும்பினேன், மோதிவிட்டோம். தவறு யார் மேல்? – வாசகர், ஈஸ்ட் லண்டன்

ஆற்றுப் பந்தயத்தில் அதிகச் சண்டை வரும் இடம் இதுதான். இதை முழுதாக அவிழ்த்துவிடுவோம்.

கரையும் கரையோரச் சேற்றுத் திட்டும் விதிகளின் கண்ணில் ‘தடை’. எதிர்க்காற்றில் போகும் நீங்கள் அதைத் தவிர்க்கத் திரும்பியே ஆக வேண்டும், ஆனால் பக்கத்தில் அதே டாக்கில் வருபவர் இடிப்பார் என்றால், இடம் கேட்டுக் குரல் கொடுக்கலாம். இது 20ஆம் விதி. காதில் விழாது என்று தோன்றும் அளவுக்குக் காற்று இரைந்தால், கையாலும் தெளிவாகச் சைகை காட்டியாக வேண்டும். கத்திய கையோடு சுக்கானைத் திருப்பக் கூடாது. அவர் பதில் செய்ய நேரம் தர வேண்டும்.

குரல் கேட்டவருக்கு இரண்டே வழி. ஒன்று, முடிந்த அளவு சீக்கிரம் தானே டாக் செய்வது, அதாவது முன்மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி மறுபக்கம் போவது. அல்லது உடனே "யூ டாக்" (நீ திரும்பு) என்று சொல்லி, நீங்கள் திரும்பவும் தன்னை விட்டு விலகவும் இடம் கொடுப்பது. ‘ஆழம் இருக்கிறது, போ’ என்ற மூன்றாவது பதில் விதியில் இல்லை. நீங்கள் தேவையில்லாமல் கத்தினீர்கள் என்று அவர் நினைத்தாலும் முதலில் இடம் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் மேல் புரோட்டஸ்ட், அதாவது முறையான புகார், செய்ய வேண்டும். ஆகவே நீங்கள் போதிய நேரம் கொடுத்திருந்தால் தவறு அவருடையது.

உங்களுக்கும் கடமை உண்டு. அவர் டாக் செய்துவிட்டால் நீங்களும் உடனே செய்தாக வேண்டும். அவரைத் திருப்பிவிட்டுத் தான் மட்டும் நேரே போவது அப்பட்டமான விதிமீறல். அவருக்கு அப்பால், காற்று வரும் பக்கம், மூன்றாவது படகு இருந்தால், உங்கள் குரலை அவர் அடுத்தவருக்குக் கடத்த வேண்டும்.

எவ்வளவு ஆழத்தில் கத்தலாம்? படகின் அடியில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகை தரையைத் தட்டும்வரை காத்திருக்க எந்த விதியும் சொல்லவில்லை. பாதுகாப்பாகத் தவிர்க்க, சீக்கிரமே பெரிதாகத் திரும்ப வேண்டும் என்ற நிலை வந்தால் போதும். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது சேற்றில் மாட்டினால், அடுத்த ஏற்றம்வரை அங்கேயே உட்கார நேரலாம். அப்போது கொஞ்சம் முன்னதாகக் கேட்பது நியாயமே.

பழையவர்களும் தவறும் ஓரிடம் உண்டு. 20ஆம் விதி ஒரே டாக்கில் இருப்பவர்களுக்கு மட்டும். கரையை விட்டுத் திரும்பி போர்ட் டாக்கில் (காற்று இடப்பக்கம்) வரும்போது எதிரே ஸ்டார்போர்டு டாக் (காற்று வலப்பக்கம்) படகு வந்தால், "எனக்குப் பின்னால் கரை" என்று கத்திப் பயனில்லை. அவருக்குப் பின்னால் ஒதுங்கிப் போக வேண்டியது நீங்கள்தான்.

கேள்வி: பின்காற்றில், எதிர் ஓட்டத்தில், எல்லாரும் கரையை ஒட்டியே போகிறோம். பின்னால் வந்தவர் எனக்கும் கரைக்கும் நடுவே மூக்கை நுழைத்து "இடம், இடம்" என்கிறார். கொடுக்க வேண்டுமா? – வாசகர், கெபெர்ஹா

அவர் மூக்கு நுழைந்த அந்த நொடியில், உங்களுக்கும் கரைக்கும் நடுவே அவர் படகு போகும் அளவு இடம் இருந்ததா? இருந்தால் தொடர்ந்து இடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவருக்கு உரிமை கிடையாது. ஒட்டியிருக்கும்வரை அவர்தான் உங்களுக்கு ஒதுங்க வேண்டும். கரை ‘தொடர்ந்து நீளும் தடை’ என்பதால் 19ஆம் விதியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பின்காற்றில் 20ஆம் விதியின் குரலுக்கு இடமே இல்லை.

எல்லாரும் கரையை ஒட்டுவதற்குக் காரணம் உண்டு. ஆழமான நடுவாய்க்காலிலும் வளைவின் வெளிப்புறத்திலும் ஓட்டம் வேகம். ஆழமில்லாத ஓரத்திலும் வளைவின் உட்புறத்திலும் மந்தம். ஓட்டம் திசை மாறும்போதும் ஓரத்து நீர்தான் முதலில் மாறும். நாணலின் அடியில் நுரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: காற்று செத்துவிட்டது. வற்றும் நீர் பின்னால் இழுத்தது. ஒருவர் நங்கூரம் போட்டு நின்றார், கடைசியில் ஜெயித்தும்விட்டார். இது செல்லுமா? – வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

செல்லும். 45ஆம் விதி நங்கூரம் போடவும், ஆள் இறங்கித் தரையில் நிற்கவும் அனுமதிக்கிறது. கூடாதது, தயார்க் கொடிக்குப் பிறகு கரையிலோ மிதவையிலோ கட்டுவது. தண்ணீர் இறைக்க, பாயைச் சுருக்க, பழுது பார்க்க மட்டும் அதற்கும் விலக்கு உண்டு.

நங்கூரத்தைப் படகின் முன்னால் தூரமாக வீசி, கயிற்றை இழுத்து முன்னேறினால் அது விதிமீறல். இருந்த இடத்திலேயே இறக்க வேண்டும்; இழுத்து எடுக்கும்போதும் அது இறங்கிய இடத்துக்குத்தான் படகு திரும்ப வேண்டும். எடுக்க முடிந்தவரை எடுத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். சின்னப் படகுக்கு ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்கு: இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் பத்து மீட்டர். அதைவிடக் குறைத்தால் நங்கூரம் படுத்துப் பிடிக்காமல் சேற்றில் உழுதுகொண்டே வரும். கயிற்றை முன்மூக்கில் கட்டுங்கள். பின்புறம் கட்டினால் ஓட்டம் படகுக்குள் ஏறும்.

மணல் திட்டில் தட்டினால் இறங்கித் தள்ளி விடுவிக்கலாம், துடுப்பாலும் உந்தலாம். படகு மிதந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓரடி தள்ளினாலும் விதிக்கு மாறான உந்துதல் ஆகிவிடும். ஸ்வார்ட்கோப்ஸில் இறங்குபவர்கள் காலணியைக் கழற்றாதீர்கள். கழிவுநீர் கலப்பதால் ரெட்ஹவுஸ் ரிவர் மைல் நீச்சல் போட்டியையே சண்டேஸ் ஆற்றுக்குக் கொண்டுபோக நேர்ந்தது. ஸ்வார்ட்கோப்ஸ் இந்த நிலைக்கு வந்தது மனதை உறுத்துகிறது. கவிழ்ந்து எழுந்தால் நல்ல நீரில் குளியுங்கள், வெட்டுக்காயத்தை உடனே கழுவுங்கள்.

கேள்வி: மிதவையின் கயிற்றில் நடுப்பலகை மாட்டிக்கொண்டது. மிதவையைத் தொட்டதாகக் கணக்கா? – வாசகர், ஈஸ்ட் லண்டன்

கயிறு மிதவையின் பகுதி இல்லை. ஆனால் கயிறு இழுபட்டு மிதவை வந்து படகில் இடித்தால் தொட்டதாகவே கணக்கு. உடனே விலகி ஒரு முழுச் சுற்று, அதாவது ஒரு டாக், ஒரு ஜைப் (பின்புறத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்புவது). மற்ற படகுக்கு வழிவிடாத குற்றத்துக்கு இரண்டு சுற்று. போட்டிக் குழு கயிற்றில் மிதவைக்குக் கீழே ஒரு எடையைத் தொங்கவிட்டால், கயிறு செங்குத்தாக இறங்கி இந்தத் தொல்லையே வராது.

கேள்வி: பலவகைப் படகு ஒன்றாக ஓடும் பந்தயத்தில் முடிவு எப்படிக் கணக்கிடுகிறார்கள்? முதலில் வந்தவர் தோற்றுவிட்டாரே! – வாசகர், கெபெர்ஹா

போர்ட்ஸ்மத் எண் முறை: வேகத்தைப் பொறுத்து ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண், மெதுவான வகைக்குப் பெரிய எண். எடுத்த நேரத்தை நொடியாக்கி, 1000ஆல் பெருக்கி, படகின் எண்ணால் வகுக்க வேண்டும். 1100 எண் கொண்ட படகு 55 நிமிடத்தில் (3300 நொடி) முடித்தால், திருத்திய நேரம் 3000 நொடி. 1250 எண் கொண்ட படகு 61 நிமிடம் 40 நொடியில் (3700 நொடி) வந்தால் 2960 நொடி. பின்னால் வந்தவர் 40 நொடியில் வெற்றி.

ஆற்றில் இந்த முறை மெதுவான படகுக்குப் பாதகம். அசையாத நீரில் 4 நாட், 3 நாட் போகும் இரண்டு படகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட் எதிர் ஓட்டத்தில் அவை 3, 2 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு அதிக வேகமாக இருந்த படகு இப்போது பாதி பங்கு அதிக வேகம், எண்ணோ மாறவில்லை. அதனால் பலவகைப் பந்தயத்தை உச்ச ஏற்றத்தை ஒட்டி, நீர் நின்றிருக்கும் நேரத்தில் வைப்பதுதான் நேர்மை. நேரத்தைக் கடற்படை நீர்வரைவு அலுவலகத்தின் ஓத அட்டவணையில் பாருங்கள். ஆற்றின் மேற்பகுதியில் உச்சம் முகத்துவாரத்தைவிடத் தாமதமாகத்தான் வரும். ஓட்டத்தின் வேகத்துக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஓட்டம் உச்சம். அஷ்டமியை ஒட்டித் தணிவு.

கேள்வி: புரோட்டஸ்ட் செய்ய சிவப்புக் கொடி வேண்டுமா? – வாசகி, மலபார், கெபெர்ஹா

ஆறு மீட்டருக்குக் குறைந்த படகுக்கு வேண்டாம். ஆனால் நியாயமான முதல் வாய்ப்பிலேயே "புரோட்டஸ்ட்" என்ற அதே சொல்லைக் கத்த வேண்டும். "பார்த்துக்கறேன்" என்பதெல்லாம் எடுபடாது. கரையேறியதும் யார், யார் மேல், எந்தச் சம்பவம் என்ற மூன்றையாவது எழுதிக் கொடுங்கள். அறிவுரைத் தாளில் வேறு நேரம் இல்லையென்றால், கடைசிப் படகு முடித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் அவகாசம். படம் வரையும்போது காற்றுக்கு ஓர் அம்பு, ஓட்டத்துக்கு ஓர் அம்பு, கரை எத்தனை படகு நீளத்தில் இருந்தது, நீர் ஏறியதா வற்றியதா என்பதையும் குறித்துவிடுங்கள். விசாரணைக் குழு முதலில் கேட்பது அதைத்தான்.